வாசல் மேல் மாப்பிள்ளை பெயர்

எங்கள் ஊர்க் கொத்தனார்கள் நாலு பேர் போன மாதம் அரபு நாட்டுக்கு வேலைக்குப் புறப்பட்டார்கள். புறப்படும் முன் என்னிடம் வந்து, "மாமா, நீங்கதான் அந்தக் காலத்துலயே கடல் தாண்டிப் போன ஆளு. மொழி தெரியாத சீமையில எப்படிச் சமாளிக்கதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொழி தெரியாத ஊருக்குப் போகிறவன் பயந்து பயந்து நடப்பான். எதையும் இரண்டு தடவை கேட்டுச் செய்வான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. நான் போன ஊரில் தமிழ்தான் பேசினார்கள். தொழுகையும் நோன்பும் நம்முடையதேதான். சோறும் மீன் ஆணமும்தான் சாப்பாடு. அதனால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். என் வில்லங்கம் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். பெயர் மைதீன் பிச்சை. பதினான்கு வயதில் கரண்டி பிடித்தேன். மூன்று வருஷம் சுண்ணாம்பு குழைத்தேன்; இரண்டு வருஷம் செங்கல் அடுக்கினேன்; பிறகு சுதைவேலைக்கு உயர்ந்தேன். வீட்டு முகப்பில் கொடி, பூ, பிறை, கட்டிய வருஷம், வீட்டுக்காரர் பெயர் இவற்றையெல்லாம் சுண்ணாம்பிலேயே புடைப்பாக எழுப்புகிற வேலை அது. என் படிப்பு அவ்வளவுதான். திமிர் மட்டும் அதற்கு மேலே கொஞ்சம் இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் இலங்கையில் கல்முனைப் பக்கம் கல்வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வயல்களுக்கு அணைத் தண்ணீர் வந்திருந்தது. கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தவர்கள் ஓட்டு வீட்டுக்கு ஆசைப்பட்டார்கள். ஓட்டு வீட்டுக்காரர்கள் முகப்பில் பூவேலைக்கு ஆசைப்பட்டார்கள். சாய்ந்தமருதில் உதுமாலெவ்வை என்று ஒரு கொந்தராத்துக்காரர். அங்கே ஒப்பந்தக்காரரை அப்படித்தான் சொல்வார்கள். அவர்தான் ஆள் மூலம் என்னைக் கேட்டு வரவழைத்தார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து, மட்டக்களப்பில் இறங்கி, பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அவர் பொறுப்பில் வாங்கிய தற்காலிக அனுமதிச் சீட்டில்தான் நான் அங்கே இருக்கலாம். அவர் போ என்றால் மறுபடியும் தலைமன்னார்தான்.

முதல் நாளே எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஊரில் 'ஏலே பிச்சை' என்று கூப்பிடப்பட்டவனை அங்கே சின்னது பெரியது எல்லாம் 'மேசன் பாஸ்' என்றது. தேநீரைத் 'தேத்தண்ணி' என்றார்கள். சீனியைக் கலக்காமல், உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி தந்தார்கள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நான் அதை எடுத்துக் கோப்பைக்குள் போட்டு விரலால் கலக்கியதைப் பார்த்து, கூடை தூக்கும் பெண்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். இப்படிச் சின்னச் சின்ன அசட்டுத்தனங்களைச் சீக்கிரமே சரி செய்துகொண்டேன். பெரிய அசட்டுத்தனம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அதுதான் தெரியவில்லை.

கொந்தராத்துக்காரர் வீட்டு வளவிலேயே எனக்கு ஓர் அறை தந்திருந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில், "இது எண்ட பொஞ்சாதிட ஊடு. எங்கட உம்மாட ஊடு மாளிகைக்காட்டுல இரிக்கி" என்றார். சரி, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய மூத்த மகளுக்கே பன்னிரண்டு வயது. இவ்வளவு நீண்ட விருந்தை நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரும் மாமியார் வீட்டில், எதிர்வீட்டு ஆலிம்சாவும் மாமியார் வீட்டில். எங்கள் பக்கம் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அவன் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிடுவான். இங்கே தெருவே வீட்டோட மாப்பிள்ளையாக இருந்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. பாவம், ஏதோ கஷ்டம் என்று நினைத்தேன். கேட்டால் கூச்சப்படுவார்களே என்ற இரக்கத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த இரக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

உதுமாலெவ்வையின் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். ஒல்லியான மனுஷன். இடுப்பில் வெள்ளைச் சாரன், தலையில் வெள்ளைத் தொப்பி, மழை வெயில் எதுவானாலும் கையில் குடை. அவர் வாயிலிருந்து 'பிழை' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. வேலைத்தளத்தில் தேத்தண்ணி காலை பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் நாலு மணிக்கு ஒன்று. வேறு நேரத்தில் தேத்தண்ணி வந்தால் எங்கேயோ சுவர் உடையப் போகிறது என்று அர்த்தம். கோப்பையைக் கையில் தந்து, பிழை இருக்கிற இடத்துக்கு நேர் எதிரே உட்காரவைப்பார். பிறகு கடல் இரைச்சல், நெல் விளைச்சல், பொத்துவில் பாதையின் பள்ளம் என்று கதைத்துக்கொண்டே இருப்பார். சுவரைப் பார்க்கவே மாட்டார். நாம்தான் பார்த்துப் பார்த்து, கோணலைக் கண்டுபிடித்து, வியர்த்து, "முதலாளி, இத உடைச்சுக் கட்டிருதேன்" என்று சொல்ல வேண்டும். "அப்படியா பாஸ்? உங்கட விருப்பம்" என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். ஏச்சு வாங்கினால் கூட மனசு ஆறும். அந்தத் தேத்தண்ணி தொண்டையில் இறங்காது.

வந்த இரண்டாவது வருஷம் அலியார் போடியார் வீட்டு வேலை வந்தது. போடியார் என்றால் நிறைய வயல் வைத்திருப்பவர். அவருடைய மகள் கதீசாவுக்கும் மருதமுனையைச் சேர்ந்த இபுறாகீம் என்கிற பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கல்யாணம் பேசியிருந்தது. பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்து வளவில் புதுமணத் தம்பதிக்குப் புது வீடு. போடியார் பாதி நாள் வயலில்தான் இருப்பார். வேலையைப் பார்த்தது அவர் மனைவி சுலைகா உம்மா. அத்திவாரத்தில் மணலுக்குத் தண்ணீர் விட்டு இடிக்கும்போதுகூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்று, "இன்னம் ரெண்டு வாளி ஊத்துங்க மனே" என்பார். அடுப்பு எங்கே, கிணறு எங்கே, சன்னல் எந்தப் பக்கம் எல்லாம் அவர் சொல்தான். சம்பந்தி வீட்டில் நல்ல பெயர் எடுக்க எப்படிப் பாடுபடுகிறார் பாரேன் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை வந்தார். கூச்ச சுபாவம். வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நாலு பக்கமும் பார்த்து, என்னிடம் தணிந்த குரலில், "மேசன் பாஸ், சுவர்ல ஒரு தட்டு வெச்சிக் கட்ட ஏலுமா? கொஞ்சம் புத்தகம் இரிக்கி. ஆனா நான் கேட்ட எண்டு சொல்ல வேணாம்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் வீட்டில் ஒரு தட்டு வைக்க இவ்வளவு பயமா? இந்த மனுஷனுக்கு யாராவது தெம்பு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொடுக்கத்தான் நான் இருந்தேனே!

முகப்புக்குக் கொடியும் பிறையும் வருஷமும் போதும் என்பதுதான் பேச்சு. உதுமாலெவ்வை வேறொரு வேலையாக மூன்று வாரம் பொத்துவிலுக்குப் போயிருந்தார். நான் என் கைக்காசு போல என் கைவேலையை இனாமாகத் தர முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது மாப்பிள்ளையின் காக்காவைப் பார்த்தேன், அவருடைய அண்ணன். அவரிடம் தம்பியின் பெயருக்கு முன்னெழுத்து என்ன என்று மட்டும் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவரும் ஏதோ பதிவுக்கு என்று நினைத்துச் சொல்லிவிட்டார்.

சுதை எழுத்து அவசர வேலை இல்லை. கடற்கரைச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு ஏற்கெனவே ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைத் துணியில் வடிகட்டி, அம்மியில் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்தேன். கடற்கரை மணல் எழுத்துக்கு ஆகாது, உப்புப் பூத்துவிடும். ஆற்று மணலைக் கழுவிச் சலித்துச் சேர்த்தேன். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பிசைந்தேன். எழுத்தைக் காகிதத்தில் எழுதி, கோடு நெடுகக் குண்டூசியால் துளையிட்டு, ஈரச் சுவரில் ஒட்டிவைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கும். அந்தப் புள்ளி மேல் சிறு ஆணி அடித்துக் கயிறு சுற்றி, கை விரலால் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒரு விரல் கனம் எழும்பியதும் சின்னக் கரண்டியால் ஓரம் வெட்டி, மினுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி ஏழு நாள் காக்க வேண்டும். சாக்கு மூடியிருந்ததால் என் திருப்பணி யார் கண்ணிலும் படவில்லை. 'மு. இ. இபுறாகீம் மன்ஸில்.' மன்ஸில் என்றால் மாளிகை. இன்றைக்குச் சொல்கிறேன், என் ஆயுளில் அதைவிட நல்ல எழுத்து நான் எழுதியதில்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தபோது, காலையில் சுலைகா உம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, சாரத்தில் ஏறிச் சாக்கை இழுத்தேன். அவர் குர்ஆனை மளமளவென்று ஓதுவார்; தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். "மு… இ… இபு… றா…" என்று வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வோர் எழுத்துக்கும் என் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. வாசித்து முடித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது ஆரு சொல்லி எழுதின?"

"யாரும் சொல்லலம்மா. நம்ம சந்தோஷத்துக்கு…"

"ஆருட்ட பேர கேட்ட நீங்க?"

"மாப்பிள்ளையோட காக்காகிட்டதான்."

அவ்வளவுதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விடுவிடுவென்று பக்கத்து வளவுக்குப் போய்விட்டார். மதிய லுஹர் தொழுகைக்குள் வேலை நின்றது. கூடை தூக்கும் பெண்கள் என்னைப் பார்க்காமல் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார்கள். மாலை அஸருக்குள் சேதி மருதமுனைக்குப் போய்விட்டது. காவின் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதும் முன்னமே மாப்பிள்ளை வீட்டார் பெயர் எழுதி வீட்டைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று பெண் வீட்டில் பேச்சு. நாங்கள் வீட்டுக்கு அலைகிற ஆட்களா என்று மாப்பிள்ளையின் காக்கா பதில் சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லையாம். "இந்தப் பேச்சோட அந்த ஊட்டுப் படியில எப்பிடிக் கால் வெக்கிற? நான் வரல்ல" என்று சொல்லிவிட்டாராம். கல்யாணம் நிற்கப் போகிறது என்று ஊரே சொன்னது. எதனால் நிற்கப் போகிறது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளை பெயரை எழுதியது ஒரு குற்றமா?

மூன்றாம் நாள் உதுமாலெவ்வை பொத்துவிலிலிருந்து வந்தார். முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தேத்தண்ணி வந்தது. முகப்புக்கு எதிரே தென்னங்குற்றியில் என்னை உட்காரவைத்து, தாமும் உட்கார்ந்து, பொத்துவிலில் யானை வந்து வாழைத்தோட்டத்தை மிதித்த கதையைச் சொன்னார். நான் எழுத்தைப் பார்த்தேன். மட்டம் சரி. இடைவெளி சரி. ஓரம் கத்தி வெட்டு. எங்கே கோணல் என்று என் கண் தேடித் தேடிக் களைத்துப்போனது. யானை இரண்டாம் தடவையும் தோட்டத்துக்குள் வந்துவிட்டது.

"முதலாளி, எனக்குத் தெரியலை" என்றேன். அவரிடம் அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "எழுத்து நல்லாத்தானே இருக்கு?"

"எழுத்து நல்லம் பாஸ். இப்பிடி ஒரு எழுத்த நான் கண்டதில்ல." கோப்பையைக் கீழே வைத்தார். "இது ஆர்ர ஊடு?"

"மாப்பிள்ளையோடது."

"நான் இரிக்கிற ஊடு ஆர்ர?"

"உங்க மாமியாரு… விருந்துக்கு…"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கியது. இரண்டு வருஷமாக விருந்து சாப்பிடுகிறவராகவே தம்மை நான் நினைத்திருந்தேன் என்பது அவருக்குத் தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டுத்தான் விளக்கினார். அந்த ஊரில் மகள் பிறந்தால் மகளுக்கு வீடு. காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், மகள் பெயரில். கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகன்கள் எல்லாரும் வெளியே போகிறவர்கள். அதில் ஒருவருக்கும் வெட்கமும் இல்லை, குறையும் இல்லை. குறை எப்போது வரும் என்றால், வருகிற மாப்பிள்ளை வீட்டைக் கேட்டான் என்று பேச்சு வரும்போது.

"இப்ப உங்களத் தலைமன்னாருக்கு அனுப்பிப் போட்டு, விசர் புடிச்ச மேசன் ஒருத்தன் செஞ்ச வேல எண்டு நான் சொல்லலாம். லேசான வேல" என்றார். "ஆனா ஆரும் நம்ப மாட்டாங்க பாஸ். மாப்புள ஊட்டாக்கள் சொல்லிக் குடுத்து, மறுகா ஆள அனுப்பிப் போட்டாங்க எண்டுதான் கதைப்பாங்க. நீங்களே வந்து உங்கட வாயால சொல்லுங்க. சொல்லிட்டதால மட்டும் உங்களுக்குத் தலைமன்னார்க் கப்பல் இல்ல எண்டும் நான் சொல்லல்ல."

மறுநாள் காலையில் போடியார் வீட்டு விறாந்தையில் என்னை உட்காரவைத்தார்கள். போடியார் சாய்வு நாற்காலியில். மாப்பிள்ளையின் காக்கா ஒரு மூலையில் விறைப்பாக. சுலைகா உம்மா உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் சீலைத் திரை. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கதீசா அங்கேதான் இருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க ஊர்ல பொண்ணுதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவா" என்று ஆரம்பித்தேன். "வீடு ஆம்பிளைக்குத்தான். அதனால முகப்புல அவரு பேர எழுதுவோம். இங்கயும் அப்படித்தான்னு நானா நெனச்சிட்டேன். இபுறாகீம் மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லலை. இந்தக் காக்காகிட்ட முன்னெழுத்த மட்டுந்தான் கேட்டேன், எதுக்குன்னு சொல்லலை. தப்பு முழுக்க என்னோடது."

சுலைகா உம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"பொறுங்க மனே. பொம்புளப் புள்ள மாப்புளட ஊட்டுக்குப் போவாவா? விருந்துக்கா?"

"இல்லம்மா. இருக்கதுக்கு."

"எத்தின நாளைக்கி?"

"மவுத்தாகுற வரைக்கும்."

"அல்லாஹ்வே! தனியவா? உம்மா கூடப் போறல்லையா?"

"தனியாத்தான்."

"அடுப்பு ஆர்ர?"

"மாமியாரோடது."

திரைக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். சுலைகா உம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏதோ நாட்டில் வெள்ளம் வந்த சேதியைக் கேட்கிறவர் மாதிரி, "உங்களுக்கு ராத்தா, தங்கச்சி இரிக்கா?" என்று கேட்டார்.

"ஒரு தங்கச்சி. மீராள்னு பேரு. மாப்பிள்ளை வீட்டுல இருக்கா, எங்க ஊர்லருந்து பதினஞ்சு மைல்."

"நல்லா இரிக்காவா?"

நான் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை. கல்யாணத்தன்று மீராள் எங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாப் பெண்களும் அழுகிறதுதானே என்று அவள் விரலை ஒவ்வொன்றாக விலக்கி வண்டியில் ஏற்றியவன் நான்தான். அதற்குப் பிறகு பெருநாளைக்குப் பெருநாள் பார்த்திருக்கிறேன். நல்லா இருக்கியா என்பேன், இருக்கேன் என்பாள். அந்த விறாந்தையில், எனக்கு யாருமே இல்லாத ஊரில், அத்தனை பேருக்கு முன்னால் அவளுடைய அந்த விரல்கள்தான் என் கண்ணுக்குள் நின்றன. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, சரி. தெரியாமச் செஞ்சிரிக்கி" என்றார் போடியார். மாப்பிள்ளையின் காக்காவுக்கும் விறைப்புத் தளர்ந்தது. ஆனால் பெயர் அங்கேயே இருக்கிறதே!

"அத உடைச்சிப் போடுங்க" என்றார் சுலைகா உம்மா.

"உடைச்சா எங்கட தம்பிட பேர உடைச்சாங்க எண்டுதானே ஊர் கதைக்கும்?" என்றார் காக்கா. "அதுக்கு அவன் வரவே மாட்டான்."

"வெச்சிரிந்தா எங்கட ஊட்ட எழுதி வாங்கின எண்டு கதைக்கும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொழில் தெரிந்த மட்டும் சொன்னேன். உடைத்தால் சுற்றியிருக்கிற பூச்சும் பெயர்ந்து வரும். புதுப் பூச்சு நிறம் சேராது. நாலு நாளில் காயவும் காயாது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தழும்பைப் பார்த்துவிட்டு, என்ன இருந்தது என்று கேட்கத்தான் செய்வார்கள். வைத்தாலும் வம்பு, எடுத்தாலும் வம்பு. என் கைவேலையால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

"உம்மா."

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் நடுக்கம் இல்லை.

"நீ பேசாம இரி" என்றார் சுலைகா உம்மா.

"ஊடு எண்டதா, உங்கடதா உம்மா?"

சுலைகா உம்மா திரும்பித் திரையைப் பார்த்தார். "உண்டதான் புள்ள. அதுக்குத்தானே இந்தப் பாடு."

"எண்ட ஊடெண்டா அதுல என்ன இரிக்கணும் எண்டு நான்தானே சொல்லணும்? அந்தப் பேர் இரிக்கட்டும்."

"ஊர் என்ன கதைக்கும் எண்டு உனக்குத் தெரியுமா?"

"எண்ட பேரு உறுதியில இரிக்கி. அவர்ர பேரு சுவர்லதான் இரிக்கி. சுவர்ல எழுதினதால அவருக்கு ஊடு வந்திருமா, எழுதாட்டி எனக்கு இல்லாமப் போயிருமா?" வளையல் சத்தம் ஒருமுறை கேட்டது. "மாஸ்டருக்குச் சொல்லிவிடுங்க, நான்தான் வெக்கச் சொன்ன எண்டு. கேக்கிறவங்களுக்கும் அதையே சொல்லுங்க. மறுகா, அவருக்கு ஒரு புத்தகத் தட்டு வேணுமாம். அதையும் கட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

தட்டு விஷயம் எனக்கும் மாஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஊரில் நான் நினைத்ததெல்லாம் அந்த லட்சணம்தான். காக்கா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். போடியார், "ஊட்டுக்காரி சொல்லிப் போட்டா. பிறகென்ன?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உதுமாலெவ்வை என் பக்கம் குனிந்து, "கப்பல் இல்ல பாஸ். தட்டுக்குப் பலக பாருங்க" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தோளில் துண்டு இருந்தது.

கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். வாசலில் நின்று அவர் தலைப்பாவோடு அண்ணாந்து பார்த்தபோது சந்திலிருந்த பெண்கள் குரவை விட்டார்கள். அவருக்குக் காது மடல் வரை சிவந்துபோனது. ஆனால் படியில் கால் வைத்துவிட்டார்.

அந்த வாரமே மீராளுக்குக் கடிதம் எழுதினேன். வழக்கமான நலவிசாரிப்பு இல்லை. அடுப்பு யாருடையது, நினைத்த நேரத்தில் ஒரு வாய் டீ போட்டுக் குடிக்க முடிகிறதா, நல்லா இருக்கேன் என்று சொன்னாயே, அது நிஜமா என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்து இரண்டு தாள் நிறையப் பதில் வந்தது. என் தங்கைக்கு இவ்வளவு எழுத இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கிணற்றடியில் உட்கார்ந்து வாசித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது முதல் வேலையாக அவள் மாமியாரிடம் சண்டை போட்டு, அவளை இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. இலங்கைக்குப் போய்ப் புத்தி கெட்டு வந்திருக்கிறான் என்றார்கள்.

கதீசாவின் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கிணற்றுக் கட்டுப் பூசுவதற்காக அந்த வளவுக்குப் போனேன். இபுறாகீம் மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினார். இந்தத் தடவை வேலிக்கு உள்ளேதான் நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் அருகே வந்து குரலைத் தணித்தார்.

"மேசன் பாஸ், ஒரு உதவி. அந்தப் பேர உடைச்சி விடுங்க. போற வாற ஆக்களெல்லாம் நிண்டு வாசிச்சிப் போட்டு, 'மாளிகைக்காரர் இரிக்காரா?' எண்டு கேக்கிறாங்க. தெருவுல நடக்க ஏலாமக் கிடக்கு."

"வீட்டுக்காரங்ககிட்டக் கேட்டீங்களா மாஸ்டர்?"

"மூணு தரம் கேட்டன்."

"என்ன சொன்னாங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

"ஏலா எண்டுட்டா."

நான் கரண்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பினேன்.

"அப்ப எனக்கும் ஏலா, மாஸ்டர்" என்றேன்.